பழைய கட்டை, புதுக் குழல்

பழைய இரட்டைக்குழல் துப்பாக்கிக்குப் புதுக் குழல் பொருத்துவது, வயதான மாப்பிள்ளைக்குப் பெண் பார்ப்பது மாதிரி. இரண்டு பக்கமும் நல்லவர்கள்தான் என்றாலும், ஒன்றாக உட்கார வைத்துப் பார்த்தால்தான் ஒத்துப்போகுமா என்று தெரியும்.

என் பெயர் மல்லிகா. ஜார்ஜ்டவுனில் லைசென்ஸ் பெற்ற ஒரு துப்பாக்கிக் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து அரம் பிடிக்கிறேன். எங்களிடம் வருவதெல்லாம் தோட்டக்காரர்களின் துப்பாக்கி. டுரியான் தோட்டத்தில் குரங்குத் தொல்லை, எண்ணெய் எடுக்கிற செம்பனையிலும் மரவள்ளியிலும் காட்டுப்பன்றித் தொல்லை. அப்பா, மாமனார் என்று வழிவழியாக வந்த துப்பாக்கிகள். தோளில் வைக்கிற மரக் கட்டை கெட்டியாக இருக்கும், குழலை மூடிப் பிடிக்கிற பூட்டும் நன்றாக இருக்கும். குழல் மட்டும் உள்ளே துரு தின்று மெலிந்து போயிருக்கும். புதுத் துப்பாக்கிக்கு அனுமதி கிடைப்பது லேசில்லை. ஆகவே, போலீஸ் அனுமதியோடு பழைய கட்டைக்குப் புதுக் குழல்.

“என்ன வேலை செய்றீங்க?” என்று யாராவது கேட்டால், பதில் சொல்லி முடிப்பதற்குள் கோப்பி ஆறிவிடுகிற மாதிரியான வேலையில் நீங்களும் இருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்ம ஆள்தான். என் கஷ்டம் உங்களுக்குச் சட்டென்று புரியும்.

பந்தியில் ஒரு கேள்வி

பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு இந்தப் பக்கம் என் வீட்டுக்காரர், அந்தப் பக்கம் மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருவர். நல்ல மனுஷி. எனக்கு வடை பிடித்திருப்பதைப் பார்த்து, பரிமாறுகிறவரை அவரே கூப்பிட்டு இன்னொன்று போடச் சொன்னார். பிள்ளைகள், வீடு, கோயில் எல்லாம் பேசி முடித்து, கடைசியில் வேலைக்கு வந்தார். “துப்பாக்கி ரிப்பேர் பண்றேங்க” என்றேன். சிரித்தார். பிறகு என் வீட்டுக்காரரை எட்டிப் பார்த்து, “நிஜமாவா?” என்று கேட்டார். அவர் வாயில் சோறு. தலையை மட்டும் ஆட்டினார்.

 அந்த நேரம் பார்த்து ரச வாளி வந்தது. என் வீட்டுக்காரருக்கு டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். அதனால் இன்னொரு கரண்டி வாங்கலாமா வேண்டாமா என்று என் முகத்தைப் பார்த்தார். அவ்வளவுதான். அந்த அம்மா என் காதருகே குனிந்து சொன்னார்: “பாவம்மா அவரு. ரெண்டாவது ரசத்துக்குக்கூட உன் கண்ணப் பாத்துத்தான் கைய நீட்டுறாரு. துப்பாக்கிய வேல செய்ற எடத்துலயே வெச்சுட்டு வந்துரு.”

வெளிச்சம் தெரியுதா?

இதற்கு முன்னால் பாயான் பாருவில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் தரச் சோதனையில் இருந்தேன். கண்ணுக்கே தெரியாத சாமான்களை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, நல்லது இந்தத் தட்டு, கெட்டது அந்தத் தட்டு. ஒரு நாள் எங்கள் பிரிவையே வேறு நாட்டுக்கு மாற்றப் போவதாகச் சொன்னார்கள். கேக் வெட்டினார்கள், கையைக் குலுக்கினார்கள், வீட்டுக்கு வந்துவிட்டேன். நாற்பது தாண்டிய பொம்பளைக்கு வேலை தேடிப் போனால் என்ன மரியாதை என்பது, தேடிப் போனவர்களுக்குத் தெரியும். மைக்ரோஸ்கோப்பில் குனிந்தே பழகிய கழுத்து, வீட்டில் சும்மா இருக்கும்போதும் குனிந்தே இருந்தது.

என் வீட்டுக்காரர் கேஸ் தோம்பு, அதாவது சிலிண்டர், போடுகிற லாரி ஓட்டுகிறார். அவர் கேஸ் இறக்குகிற கடைகளில் ஒன்று ஆ லெக்கின் இந்தத் துப்பாக்கிக் கடை. ஆ லெக் சீனர்தான். ஆனால் அவர் அப்பா சுங்கை பாக்காப் பக்கம் ஒரு தோட்டத்தில் மளிகைக்கடை வைத்திருந்ததால், என்னைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். பொறுமையான ஒரு கை வேண்டும் என்று அவர் என் வீட்டுக்காரரிடம் கேட்டிருக்கிறார். நான் சர்டிபிகேட் ஃபைலோடு போய் நின்றேன். அதைத் திறக்கவே இல்லை. ஒரு பழைய துப்பாக்கியை நடுவில் மடக்கிக் காட்டி, மூடி, ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். “குழலு இருக்கு, பூட்டு இருக்கு. ரெண்டும் ஒட்டுற எடத்துல வெளிச்சம் தெரிஞ்சா ஆபத்து. தெரியுதா?” என்றார்.

பார்த்தேன். இடது பக்கம் அடியில், ஒரு முடி போல வெளிச்சம். சொன்னேன். அவர் கண்ணாடியை மாட்டிப் பார்த்தார், துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார், தலையை ஆட்டினார். வேலை போன நாளிலிருந்து ‘உன் கண்ணுக்கு என்ன தெரிகிறது’ என்று என்னை யாரும் கேட்டதில்லை.  சந்தோஷத்தை மறைக்க, “ஃபேக்டரியா இருந்தா இத ரிஜெக்ட் தட்டுல போட்டுருவோம் தவுக்கே” என்றேன்; முதலாளியை இங்கே அப்படித்தான் கூப்பிடுவது. துப்பாக்கியை என் கையில் வைத்துவிட்டு ஆ லெக் சொன்னார்: “இங்க அந்தத் தட்டே இல்ல தங்கச்சி. வர்றதெல்லாம் எப்படியாச்சும் சேத்து வெச்சுத்தான் அனுப்பணும்.”

மாமாவின் பல்

இராசரத்தினம் ஐயா அரசாங்க ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணக் குடும்பம். பாலிக் பூலாவில் சின்னதாக ஒரு டுரியான் தோட்டம் வைத்திருக்கிறார். அவர் கொண்டு வந்த துப்பாக்கியைப் பார்த்து நான் மூச்சை இழுத்துவிட்டேன். குழல் முழுக்கச் சேலைக் கரை மாதிரி சுருள் சுருளாகப் பூ. இரும்பையும் எஃகையும் முறுக்கிச் செய்த அந்தக் காலத்துக் குழல். ஆனால் உள்ளே விளக்குப் பிடித்துப் பார்த்தால் அம்மைத் தழும்பு போலக் குழி குழியாகத் துரு. அந்தக் காலத்து வெடிமருந்துக்குச் செய்த குழல், இந்தக் காலத்துத் தோட்டாவுக்குத் தாங்காது, என்றைக்காவது வெடித்துவிடும் என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. “பிள்ளை, இது என்ர அப்பா வாங்கின துவக்கு. குழலை மாத்தினா இது ஆரின்ர துவக்கு?” என்று கேட்டார். உடனே பையை மூடிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கெல்லாம் எனக்கு அரத்தில் கை நிற்கவில்லை. மனுஷர் அதைத் தோளில் வைத்துச் சுட்டால்?

ஒரு வாரம் கழித்து மறுபடி வந்தார். கூடவே அவர் மனைவி மங்களம் அக்கா. தோட்டத்தில் விழும் பழங்களை இருவரும் சேர்ந்துதான் பொறுக்குவார்களாம். அந்தத் துவக்கு தோட்டத்துக்குள் வந்தால் தான் வரமாட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டார். தனியாகப் பழம் பொறுக்கி முதுகு பிடித்துக்கொண்டதும் ஐயா இறங்கி வந்துவிட்டார். நானும் ஆ லெக்கும் யோசித்து, பின்பக்கம் துரு தொடாமல் தடிப்பாக இருக்கிற பகுதியை, அவர் அப்பாவின் எழுத்துப் பொறித்திருந்த இடத்தை, அப்படியே வைத்துக்கொண்டோம். முன்னால் மட்டும் புதுக் குழல். ஒட்டு விரலுக்குத் தட்டாமல் செய்ய எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

வாங்க வந்த அன்று ஐயா கட்டை விரலால் குழலை மேலும் கீழும் தடவிப் பார்த்தார். ஒட்டு எங்கே என்று அவர் விரலுக்கு அகப்படவில்லை. பிடித்துவிட்டது என்று முகம் காட்டிக்கொடுத்தது. ஆனாலும் விட மனமில்லாமல், “வடிவாத்தான் கிடக்கு. எண்டாலும் முழுசா அப்பான்ர எண்டு சொல்லேலாது” என்று முணுமுணுத்தார். மங்களம் அக்கா கைப்பையை மாட்டிக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னார்: “எங்கட மாமா கடைசிக் காலத்தில வாய் முழுக்கப் பல்லு மாத்தினவர் பிள்ளை. அதுக்காக இவர் அவரை அப்பா எண்டு கூப்பிடாமலா விட்டவர்?”

கரி

இந்த வேலையில் முக்கியமான சாமான் மண்ணெண்ணெய் விளக்குக் கரி. இரும்பில் லேசாகக் கரியைப் படிய விட்டு, குழலை மூடித் திறந்தால், எங்கே உரசுகிறதோ அங்கே கரி அழிந்திருக்கும். அந்த இடத்தை மட்டும் ஒரு துளி அராவ வேண்டும். மறுபடி கரி, மறுபடி மூடு, மறுபடி அராவு. நாள் முழுக்க இதுதான். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது எனக்கே கண்ணாடியில் என்னை அடையாளம் தெரியாது.

ஒரு நாள் கடையைச் சோதனை போட போலீஸ் சார்ஜன் வந்தார். தமிழ்ப் பெண், விறைப்பான சீருடை. ஆ லெக் வெளியே போயிருந்தார். நான் பதற்றத்தில் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன், நாற்காலியை இழுத்துப் போட்டேன், பெட்டகத்தைத் திறந்து காட்டினேன், கோப்பி கொடுத்தேன். அவர் எல்லாவற்றையும் நிதானமாகச் சரிபார்த்துவிட்டு எழுந்தபோதுதான் பார்த்தேன்: கதவு, நாற்காலி, பெட்டகம், கோப்பிக் குவளை, சார்ஜனின் சட்டைக் கை எங்கும் என் பத்து விரலும் கறுப்பாகப் பதிந்திருந்தன. “ஐயோ, மன்னிச்சுருங்கம்மா” என்று துணியை எடுத்தேன். துணியும் கரி. சார்ஜன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பரவால்லக்கா. இந்தக் கடையில எது காணாம போனாலும் ஆளத் தேடுற வேலை எங்களுக்கு இல்ல.”

அண்ணன் குழல், தம்பி குழல்

புக்கிட் மெர்தாஜாமில் மலையடியில் சுப்பையா, கணேசன் என்று அண்ணன் தம்பி. அப்பா விட்டுப்போன ரம்புத்தான் தோட்டத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டு, நடுவில் ஒரு தகரவேலியும் போட்டுக்கொண்டு, பேச்சை நிறுத்திவிட்டவர்கள். துப்பாக்கி ஒன்றுதான். லைசென்ஸ் அண்ணன் பெயரில். ஆனால் சின்ன வயதில் அப்பா, ‘வலது குழல் ஒருத்தனுக்கு, இடது குழல் ஒருத்தனுக்கு’ என்று விளையாட்டுக்குச் சொன்னது இருவர் மனதிலும் அப்படியே இருந்தது. யாருக்கு எது என்பதுதான் இருவருக்கும் வேறு வேறாக ஞாபகம் இருந்தது.

நாங்கள் காடி என்கிற காரின் கதவில் மாட்டி வலது குழல் நசுங்கிவிட்டது. அண்ணன் கொண்டு வந்தார். “நசுங்குனது தம்பியோடது. அத மட்டும் மாத்துங்க. என் குழலத் தொடாதீங்க” என்றார். மறுநாள் தம்பி வெறுங்கையோடு வந்தார். “அக்கா, வலது அண்ணனோடது. அவருதான் கதவுல மாட்டுனாரு. என்னோடது இடது, அதுல ஒரு கீறல் விழக் கூடாது” என்றார். இரண்டு குழலும் ஒன்றோடொன்று பற்றவைத்தவை, ஒன்றைத் தனியாகக் கழற்றி மாற்றினால் அது பாட்டுக்கு வேறு பக்கம் சுடும், மாற்றினால் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும் என்று இருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. கடைசியில் ஆ லெக் இருவரையும் ஒரே நாளில் வரச் சொல்லிவிட்டார். கடைக்குள் தொடங்கிய சண்டை வாசலில் இருக்கும் அஞ்சடி நடைபாதைக்குப் போனது. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது யார் பார்த்தது என்பது வரைக்கும் வந்தது. பக்கத்துக் கடைக்காரர்கள் கோப்பியோடு வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்கள். அண்ணன் குரல் உடைந்து, “அவரு கடைசியா உன்னத்தான்டா கேட்டாரு. நீ வந்த நேரம் தூங்கிட்டாரு” என்றார்.  அதற்குப் பிறகு சண்டை ஓய்ந்து, இருவரும் ஜோடியாகவே மாற்றச் சொல்லிவிட்டு, தனித்தனிக் காடியில் போனார்கள்.

புதுக் குழல் பொருத்தியதும் சுடும் திடலுக்குப் போய்ச் சோதித்தோம். அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். தூரத்தில் பெரிய காகிதம். ஆ லெக் வலது குழலால் ஒன்று, இடது குழலால் ஒன்று சுட்டார். போய்ப் பார்த்தால் இரண்டு வீச்சும் ஒரே இடத்தில் விழுந்து, ஓட்டை எல்லாம் கலந்து கிடந்தது. எனக்கு மனசு நிறைந்துவிட்டது. குழல் சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம். தம்பி காகிதத்தில் மூக்கை ஒட்டிக்கொண்டு, “இதுல எது வலது, எது இடது தவுக்கே?” என்று கேட்டார். “யாருக்குத் தெரியும் லா” என்றார் ஆ லெக். அண்ணன் மெதுவாக வந்து தம்பியின் பக்கத்தில் நின்று சொன்னார்: “தெரியாம இருக்குறதே நல்லதுடா. தெரிஞ்சா திரும்பவும் பாகம் பிரிக்கணும். வா, பசியாறப் போவோம்.”

ஊதுகிற குழல்

தமிழில் குழல் என்று ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் படும் பாடு தனி. எங்கள் ஃபிளாட்டில் யாரோ, ‘மல்லிகா அக்கா பழைய குழல் எல்லாம் சரி பண்ணுவாங்க’ என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். முதலில் ஒருத்தி குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று கதவைத் தட்டினாள். அதைச் சரி செய்து கொடுத்தேன். அடுத்து ஒரு வெள்ளிக்கிழமை கடைக்கே ஒரு நாயனக்காரர் வந்துவிட்டார். துணியைப் பிரித்தால் நாதஸ்வரம். அடிப்பக்கம் விரிசல், பூண் கழன்று ஆடுகிறது. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம், வேறு நாயனம் இல்லை, இதை விட்டால் அந்த மாதச் சாப்பாடு இல்லை என்றார். சுவரில் வரிசையாகத் தொங்கும் துப்பாக்கிகளை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். நாயனத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதவுப் பக்கம் நகர்ந்தார்.

ஆ லெக் அவரை விடவில்லை. மர வேலை அவருடையது. துப்பாக்கிக் கட்டையில் விரிசல் விட்டால் எப்படி ஒட்டிக் கட்டுவாரோ அப்படியே நாயனத்தையும் ஒட்டிக் கட்டிவிட்டார். நான் கடைசலில் பித்தளைப் பூண் ஒன்று கடைந்தேன். இரும்பைக் கடைந்து பழகிய கைக்குப் பித்தளை வெண்ணெய் மாதிரி. சனிக்கிழமை வந்து, சீவாளியை நனைத்து, அஞ்சடியில் நின்று கல்யாணியை ஒரு இழுப்பு இழுத்தார் பாருங்கள், தெருவே நின்றுவிட்டது. எதிரே காகிதச் சாமான் செய்கிற சீனக் கிழவர் பசைக் கையோடு வந்து நின்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. “எங்க கடையிலேர்ந்து பெர்மிட் இல்லாம வெளிய போற குழல் இது ஒண்ணுதாங்க” என்றேன். நாயனக்காரர் சீவாளியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: “நீங்க வேறக்கா. ஊர்வலத்துல ஊதணும்னா இதுக்கும் பெர்மிட் எடுக்கணும்.”

டத்தோவின் இடது கை

டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனுஷர் ஒருவர், செம்பனைத் தோட்டக்காரர். எங்கள் கடைக்குப் பல பேரை அனுப்பி வைக்கிறவர். ஒரு நாள் தன் துப்பாக்கியோடு, பெர்மிட் சகிதம், வேறு ஒரு பழைய குழலையும் கொண்டு வந்தார். சித்தப்பாவின் துப்பாக்கியிலிருந்து எடுத்ததாம். “ரெண்டும் ஒரே கம்பெனி. சும்மா மாட்டி விடும்மா. சனிக்கிழம பேரனக் கூட்டிக்கிட்டுத் தோட்டத்துக்குப் போறேன்” என்றார். ஒரே கம்பெனி என்றாலும் ஒன்றின் குழல் ஒன்றுக்குச் சேராது, கையால் பொருத்திய சாமான். அதையாவது அராவிச் சேர்த்துவிடலாம். ஆனால் குழலைத் தட்டிப் பார்த்தால் சத்தம் சரியில்லை. உள்ளே ஒரு இடத்தில் நிழல் வளைந்து தெரிந்தது, அங்கே இரும்பு புடைத்திருக்கிறது என்று அர்த்தம். “இத நான் மாட்ட மாட்டேன் டத்தோ” என்றேன். அவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டு, “தவுக்கே எங்க?” என்றார்.

ஆ லெக் வந்து குழலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் நெற்றியில் வேர்வை. பெரிய மனுஷர் கோபித்துக்கொண்டு போனால் கடை பாதிக்கும், எனக்கும் தெரியும். “தங்கச்சி வேணாம்னா வேணாம் டத்தோ. ஆனா நீங்க நம்பவேணாம். வாங்க, சுட்டுப் பாப்போம்” என்றார். திடலில், சோதனைக்கென்று இருக்கும் கனமான இரும்புச் சட்டத்தில் குழலைப் பூட்டி, விசையில் நீளக் கயிறு கட்டி, சுவருக்கு இந்தப் பக்கம் எல்லோரும் ஒதுங்கி நின்றோம்.  ஒன்றும் ஆகாவிட்டால் என் பேச்சுக்கு இனி என்ன மதிப்பு? முதல் தோட்டாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. டத்தோ என்னைப் பார்த்தார். இரண்டாவதற்கு, காது அடைக்கிற மாதிரி வேறு ஒரு சத்தம்.

போய்ப் பார்த்தோம். குழல் வாழைப்பழத் தோல் மாதிரி ஒரு பக்கமாக உரிந்து கிடந்தது. சுடுகிறவரின் இடது கை பிடித்திருக்க வேண்டிய இடம். டத்தோ தன் இடது கையைப் பார்த்தார். அப்புறம் அந்தக் கைக்குப் பக்கத்தில், இடுப்பு உயரத்தில், காற்றைப் பார்த்தார். பேரன் எப்போதும் அங்கேதான் நிற்பானாம். அதைச் சொல்லும்போது அவர் குரல் வேறு மாதிரி இருந்தது. காடியில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கிச் சொன்னார்: “நல்ல குழலா வரவழைம்மா. எத்தன மாசம் ஆனாலும் சரி. அதுவரைக்கும் பன்னி தின்னுட்டுப் போகட்டும் லா.”

அஞ்சலையின் அளவு

சுங்கை பாக்காப் பக்கத்தில் அஞ்சலை என்று ஒருத்தி. என் வயதுதான் இருக்கும், குள்ளமாக இருப்பாள். அவளும் அவள் புருஷனும் ஒரு துண்டு நிலத்தில் மரவள்ளியும் வாழையும் போட்டிருந்தார்கள். புருஷன் நெஞ்சுவலியில் போய்விட்டார். அவர் துப்பாக்கி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனது. நிலத்துக்குள் பன்றி வந்தது. பன்றிக்குப் பின்னாலேயே புருஷனின் அண்ணனும் வந்தார். ‘பொம்பள தனியா என்ன பண்ணுவ? நிலத்த எனக்கு விட்டுரு, மாசாமாசம் எதாவது தர்றேன்’ என்பது அவர் பேச்சு. அஞ்சலை விடவில்லை. நிலத்தைத் தன் பெயருக்கு மாற்றினாள். பிறகு துப்பாக்கி லைசென்ஸுக்கு எழுதிப்போட்டாள். துப்பாக்கி பத்திரமானதுதானா என்று பார்க்க எங்களிடம் வந்தது. குழல் இரண்டிலும் வெடிப்பு. புதுக் குழல் வெளியூரிலிருந்து வர வேண்டும்.

அவள் பஸ் பிடித்து, ஃபெரி ஏறி, எங்கள் தீவுக்கு வந்து வந்து கேட்பாள். ஒவ்வொரு தடவையும் ஒரு சீப்பு வாழைப்பழம். “இந்த வாரம் கிழக்குப் பக்கம் பூராம் நோண்டிருச்சுக்கா” என்பாள். குழல் வந்ததும் மற்ற வேலையைத் தள்ளி வைத்துவிட்டு அதை எடுத்தேன். பொருத்தி முடித்து அவள் கையில் கொடுத்துத் தோளில் வைக்கச் சொன்னால், கட்டை நீளம் அதிகம். அவள் விரல் விசைக்கு எட்டவில்லை. உயரமான மனுஷனுக்கு அளவெடுத்த கட்டை. அவள் முகம் விழுந்துவிட்டது. “அதான் எல்லாரும் சொல்றாங்க, இது எனக்கு ஆகாதுன்னு” என்றாள். ஆ லெக் டேப்பை எடுத்து, தையல்காரர் மாதிரி அவள் கையை அளந்தார். “ஆகாதது கட்டை. நீ இல்ல” என்று சொல்லி, அளவுக்கு அறுத்து, தேய்த்து, மெருகேற்றிக் கொடுத்தார். அறுத்த துண்டை அஞ்சலை கேட்டு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். புருஷனின் தோள் பட்ட மரம் என்றாள்.

லைசென்ஸ் அவள் பெயரில் கையில் வந்த பிறகு திடலுக்குப் போனோம். முதல் தோட்டாவுக்குக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். எங்கே போனதென்று தெரியவில்லை. துப்பாக்கியைத் தாழ்த்தினாள். “வீட்டுக்குப் போயிரலாம்க்கா” என்றாள். “இன்னொரு குழல் இருக்கே” என்றேன். மூச்சை இழுத்தாள். இந்தத் தடவை கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள். காகிதத்தின் ஓரம் கிழிந்து தொங்கியது. நடு இல்லை, ஓரம்தான். ஆனால் அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்து, என்ன செய்கிறோம் என்று தெரியாமல் நானும் அவளும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். இனிமேல் பன்றி வந்தால் பயமில்லையே என்று கேட்டேன். அஞ்சலை தோளைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: “பன்னி வந்தா வரட்டும்க்கா, பாத்துக்கலாம். அவரு அண்ணன்தான் இனி வரமாட்டாரு. இது யாரு நிலம்னு இப்ப போலீஸுக்கே தெரியுமுல்ல.”

இத்தனைக்கும் பிறகு நான் கண்டது ஒன்றுதான்: இரும்பு எவ்வளவு முரண்டு பிடித்தாலும் கடைசியில் அரத்துக்கு இணங்கிவிடும், அதைத் தூக்கிக்கொண்டு வருகிற மனுஷர்களுக்குத்தான் கூடவே கொஞ்சம் கோப்பியும் ஊற்ற வேண்டியிருக்கிறது.